ஊதாத விசில்

பசுமலை, மதுரை
5.8.2024

அனுப்புநர்: சோ. தாமரைச்செல்வி, உதவித் தலைமையாசிரியை
பெறுநர்: திரு. சோ. அழகுபாண்டி, மலையேற்ற வழிகாட்டி, மேல்கூட்டாறு

பொருள்: ஆசிரியர் குழு மலையேற்றம் – விவரம் கோருதல்

ஐயா,

எங்கள் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் 29 ஞாயிறன்று, தங்கள் மலைக்கு வர விரும்புகிறார்கள். மொத்தம் பதினான்கு பேர். தலைமையாசிரியை அம்மா எங்கேயோ தங்கள் பெயரைக் கேள்விப்பட்டு, இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தங்கள் பெயருக்கு முன்னும் என் பெயருக்கு முன்னும் ஒரே ‘சோ.’ இருப்பதை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வருகிறவர்களில் இருபத்தெட்டு வயது உடற்கல்வி ஆசிரியரும் உண்டு. மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அலுவலக எழுத்தரும் உண்டு. இவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் எப்படி ஏற்றி இறக்குவீர்கள் என்று தெளிவாக எழுதவும். குறிப்பாக, நடக்க முடியாமல் போகிறவரை என்ன செய்வீர்கள் என்பதை எழுதவும். அதில் தங்களுக்கு முன் அனுபவம் உண்டு என்பதை அறிவேன்.

தங்கள் ஊரில் டவர் கிடைக்காது. கிடைத்தாலும் தங்கள் எண்ணை நான் ப்ளாக் செய்திருக்கிறேன். ஆகவே பதிலைப் பள்ளி முகவரிக்குத் தபாலில் அனுப்பவும். சொந்த விஷயங்கள் எதையும் அதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சோ. தாமரைச்செல்வி
(இணைப்பு: பெயர்ப் பட்டியல்)


மேல்கூட்டாறு
13.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, பாண்டி எழுதுவது.

எனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கையால் ‘ஐயா’ என்று எழுதியிருக்கிறாய். டீக்கடையில் வைத்துப் பிரித்தேன், சத்தமாகச் சிரித்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததில் கொஞ்சம் கண்ணும் கலங்கியது. சொந்த விஷயம் அவ்வளவுதான். இனி தொழில்.

எல்லாருக்கும் வழி ஒன்றுதான். நிற்கும் இடம் மூன்று. ஒரு மணி நேரத்தில் ஓடைக் குடிசை வரும். அதுவரை யாரும் வரலாம். அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஏறினால் வழுக்குப்பாறை. அங்கிருந்து ஒத்தைமர மேடு, அதுதான் உச்சி; போக வர மூன்று மணி நேரம். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றுகொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் என் ஆள் ஒருவர் அடுப்பு மூட்டி டீயும் கஞ்சியும் வைத்திருப்பார். யாரையும் தனியாக உட்கார வைக்கிற வேலை இந்த வருஷம் கிடையாது.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கடைசியாக நீண்ட தூரம் நடந்தது எப்போது, எத்தனை மாடி நிற்காமல் ஏற முடியும், முட்டி எப்படி, எது வரை வர ஆசை, வரிசையில் எங்கே நடக்க விருப்பம் – ஐந்தே கேள்விதான். ஆளுக்கு ஒன்று எழுதி வாங்கு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப் போய்ச் சமணர் மலையில் ஏற்று. பேசிக்கொண்டே ஏறச் சொல். பேச்சு எங்கே நிற்கிறதோ அதுதான் அவரவர் அளவு.

பதினான்கு பேர் என்று எழுதிவிட்டுப் பதின்மூன்று பெயர்தான் கொடுத்திருக்கிறாய். கணக்கு டீச்சருக்குக் கூட்டல் தப்பாது. பதினான்காவது வரியை யாருக்காகக் காலியாக விட்டாய் என்று எனக்குத் தெரியும். மச்சான் வருவாரா?

போன டிசம்பரில் நான் செய்தது வழிகாட்டியாகச் சரிதான் அக்கா. அவருக்கு முட்டி நடுங்கியது. இருட்டுவதற்குள் எட்டுப் பேரை நான் உச்சிக்கு ஏற்றிக் கீழே இறக்க வேண்டும். அதனால்தான் வழுக்குப்பாறையில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். சொன்ன விதம் வேண்டுமானால் தப்பாக இருந்திருக்கலாம்.

உன் தம்பி,
பாண்டி


பசுமலை
24.8.2024

பாண்டி,

தொழில் முதலில். படிவங்களை வாங்கிவிட்டேன். ‘கடைசியாக நீண்ட தூரம் நடந்தது எப்போது’ என்ற கேள்விக்குப் பத்துப் பேர் ‘பழனி பாதயாத்திரை’ என்று எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷம் என்று விசாரித்தால் ஒருவர் 2009 என்கிறார். உடற்கல்வி ஆசிரியர் தமிழ்மாறன் கல்லூரிக் காலத்தில் நானூறு மீட்டரில் வாங்கிய பரிசை எழுதியிருக்கிறார். எழுத்தர் முனீஸ்வரி ஐந்து கேள்விக்கும் ‘தெரியாது’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கீழக்குயில்குடியிலிருந்து வரும் எங்கள் பள்ளி ஆயா தங்கப்பொண்ணு, “எனக்கு நடக்கல்லாம் வராது டீச்சர். சாயங்காலம் ஆட்டுக்குப் பின்னாடி மலையில ஏறுவேன், அம்புட்டுத்தான்” என்றார். ஓடைக் குடிசை என்று குறித்துக்கொண்டேன். நான் உச்சி என்று எழுதியிருக்கிறேன். தினமும் காலையில் பசுமலை மேட்டில் நடப்பவள் நான்.

இப்போது நீ எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். சொன்ன விதம் வேண்டுமானால் தப்பாம். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள். “மச்சான், நீங்க வந்தா எல்லாருக்கும் லேட்டாகும். இங்கனயே உக்காருங்க.” எட்டுப் பேருக்கு முன்னால் சொன்னாய். ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும், ஏதாவது என்றால் ஊதுங்கள் என்று ஒரு விசிலையும் கையில் கொடுத்தாய். நானும் அவரை விட்டுவிட்டு உங்களோடு மேலே வந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மூன்று மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவர் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் பிரிக்கப்படவில்லை.

அவர் யார்? எங்கள் தெருப் பாதயாத்திரைக் குழுவின் குருசாமி. இருபத்திரண்டு வருஷம் நாற்பது பேரைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப் போய்வந்த ஆள். வீட்டுக்கு வந்து, “இந்தக் காலு இனிமே வேணாம் செல்வி” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். தை மாதம் எல்லாரும் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். சேவற்கொடியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பட்டறைக்குக்கூட இப்போதெல்லாம் வண்டியில்தான் போகிறார். பழங்காநத்தம் என்ன தூரம்? முன்பெல்லாம் நடந்தே போய் மோட்டார் காயில் கட்டிவிட்டு நடந்தே வருவார்.

எனக்கு அவர் பழையபடி நடக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். தலைமையாசிரியை உன் பெயரைச் சொன்னபோது நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கும், பதினான்காவது வரியைக் காலியாக விட்டதற்கும் அதுதான் காரணம். ஆனால் அவரிடம் இன்னும் நான் பேச்செடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருக்கிறது.

செல்வி


மேல்கூட்டாறு
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. கொடியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் யாத்திரைக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்வார்கள்?

சரிதான் என்று போன கடிதத்தில் எழுதினேன் இல்லையா, அது பொய். மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் மெதுவாக நடப்பவர்தான் முதலில் போக வேண்டும். அவரை யாரும் தாண்டக் கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அன்றைக்குக் கிளம்பிய கால் மணி நேரத்திலேயே மச்சான்தான் மெதுவாக வருகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அக்கா புருஷனிடம் போய், “நீங்க மெதுவா நடக்குறீங்க, முன்னால வாங்க” என்று எந்த மச்சினன் சொல்வான்? வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அவர் கடைசிக்குப் போய்விட்டார்.

கடைசியில் வருகிறவருக்கு என்ன ஆகும் தெரியுமா? முன்னால் போனவர்கள் ஒரு இடத்தில் நின்று இளைப்பாறுவார்கள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிற நேரத்தில், ஓய்வு முடிந்தது என்று அவர்கள் கிளம்பிவிடுவார்கள். இவருக்கு மட்டும் உட்காரவே வாய்க்காது. இரண்டரை மணி நேரம் மச்சான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவர் முட்டி நடுங்கியதற்கு அவர் வயது காரணமில்லை, நான்தான் காரணம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொல்லு. அல்லது வேண்டாம், நானே சொல்கிறேன், நீ கூட்டிக்கொண்டு மட்டும் வா. இந்தத் தடவை அவர்தான் முன்னால் போவார். குருசாமிக்கு முதல் மரியாதை என்று எல்லாருக்கும் முன்னால் நான் சொல்லுவேன்.

படிவங்கள் பற்றி: பழனியை எழுதிய பத்துப் பேரையும் ஒரு படி கீழே இறக்கு. அந்த ரோடு சமதளம். அதில் எத்தனை நாள் நடந்தாலும் மலை இறங்க முட்டி பழகாது. ஆட்டுக்குப் பின்னால் போகும் அந்த அம்மாவை உச்சிக்கு மாற்று. முனீஸ்வரி எழுதியதுதான் உருப்படியான படிவம். தெரியாது என்று எழுதுகிறவரை நம்பி மலையில் ஏற்றலாம். உன் படிவத்தைப் பற்றி, சமணர் மலைக்குப் போய்வந்த பிறகு நீயே சொல்.

பாண்டி


பசுமலை
10.9.2024

பாண்டி,

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமணர் மலை ஏறினோம். தமிழ்மாறன் முதல் நூறு அடியை ஓடியே ஏறி, மேலே போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கப்பொண்ணு தன் பெரிய மகள் கல்யாணக் கதையை அடிவாரத்தில் ஆரம்பித்து, சமணர் படுக்கை வரை ஒரு இடத்தில்கூட மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். முனீஸ்வரி இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே வந்து சேர்ந்துவிட்டாள். நான் பேசாமல்தான் ஏறினேன். எனக்குப் பேச விஷயம் எதுவும் இல்லை. உச்சி என்று எழுதியதை மாற்ற வேண்டியதில்லை.

உன் மச்சான்தான் எங்களை வேனில் கூட்டி வந்தார். ஏறவில்லை. கீழே தாமரைக் குளத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, “யாரு முன்னால போனது?” என்று கேட்டார். யாரும் இல்லை, அவரவர் இஷ்டத்துக்குப் போனோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நீயே சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தாய். ஆனால் அது வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முட்டி நடுங்கியதற்கு நான்தான் காரணம் என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை பட்டறைக்குக் கிளம்பும்போது, வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: “அந்த மலையில அட்டை கடிக்குமான்னு மாப்ளகிட்ட கேட்டுச் சொல்லு.”

சீக்கிரம் பதில் போடு.

செல்வி


மேல்கூட்டாறு
16.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பெய்தால் கடிக்கும். உப்பும் புகையிலையும் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியைக் கணுக்காலில் கட்டிக்கொண்டால் ஏறாது. மச்சானுக்கு நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லு.

பதினான்காவது வரியில் ‘கண்ணுச்சாமி, குருசாமி’ என்று எழுதிவிட்டேன். படிவம் வேண்டாம்.

உன் படிவத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பேச விஷயம் இல்லாமல் நீ இருந்து நான் பார்த்ததே இல்லை.

பாண்டி


மேல்கூட்டாறு
3.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முனீஸ்வரிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? வழுக்குப்பாறை வரை வருவாரென்று நான் நினைக்கவில்லை. தங்கப்பொண்ணு அம்மா ஒத்தைமர மேட்டில் நின்று, “இதுக்கா இம்புட்டுப் பேச்சு?” என்று கேட்டதை இங்கே டீக்கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் கேட்க முடியவில்லை. நான் சொன்னபடி மச்சானை எல்லாருக்கும் முன்னால் நிறுத்திவிட்டு, தமிழ்மாறனுக்குக் காலில் சதை பிடித்துக்கொண்டதால் கடைசியிலேயே வந்தேன். வழுக்குப்பாறைக்கு வந்து பார்த்தால் வரிசையில் முதலில் நீ நிற்கிறாய், மச்சான் உனக்குப் பின்னால் நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது? அப்புறம் நீ அங்கேயே நின்றுகொண்டாய். மச்சானும் நின்றுவிட்டார். அவர் நன்றாகத்தான் இருந்தார், மேலே வந்திருக்கலாம்.

இரண்டாவது, அந்த விசில். நாங்கள் உச்சியில் சாப்பாட்டைப் பிரித்தபோது கீழேயிருந்து கேட்டது. நீளமாக ஒரே ஒரு ஊதல். மற்றவர்களைத் தங்கப்பொண்ணு அம்மாவிடம் விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். ஒரு மணி நேர இறக்கம். இருபது நிமிடத்தில் வந்தேன். இரண்டு இடத்தில் விழுந்தேன், முழங்கைத் தோல் உரிந்தது. வந்து பார்த்தால் மச்சான் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். “சும்மா ஊதிப் பாத்தேன் மாப்ள” என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஒன்பது மாதம் கழித்து அவர் வாயால் ‘மாப்ள’ என்று கேட்டதும் திட்ட வந்ததை விழுங்கிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப மேலே ஏறிப் போய்விட்டேன்.

அது நான் போன வருஷம் கொடுத்த அதே விசில்தானே? கயிற்றில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

பாண்டி


பசுமலை
9.10.2024

அன்புள்ள தம்பி பாண்டிக்கு,

முழங்கையில் மருந்து போட்டாயா? போட்டிருக்க மாட்டாய்.

ஓடைக் குடிசையைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் உன் மச்சான் நின்றார். திரும்பிப் பார்த்து, “செல்வி, நீ முன்னால வா” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உச்சிக்கு என்று எழுதிக் கொடுத்தவள் நான். “என்னைய எதுக்குக் கூப்பிடுறீங்க, குருசாமின்னு உங்களைத்தான முன்னால விட்டுருக்கான்?” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சமணர் மலையிலேயே நாற்பதாவது படியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. எல்லார் படிவத்தையும் திருத்திய எனக்கு என் படிவத்தைத் திருத்த மனசு வரவில்லை.

அவர் சத்தமில்லாமல் சொன்னார்: “எங்க யாத்திரையில கொடியை யாருகிட்ட குடுப்பேன்னு நெனச்ச? நடக்க முடியாதவன்கிட்டத்தான். சேவற்கொடியத் தாண்டி எவனும் போகமாட்டான்ல. அவன் நின்னா நாப்பது பேரும் நிக்கணும். இருவத்திரெண்டு வருசமா இதத்தான் பண்றேன், வாங்குனவனுக்கே தெரியாது. மாப்ள என்னைய முன்னால போகச் சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீ வா.”

முன்னால் போனேன். என் நடைக்கு எல்லாரும் நடந்தார்கள். வழுக்குப்பாறையில் இனி முடியாது என்று நானே சொன்னேன். நீங்க போங்க என்றேன். “ஒருதடவ தனியா உக்காந்து பாத்தாச்சு. இப்ப தொணையோட உக்காருவோம்” என்று அதே இடத்தில், அதே கல்லில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரை விட்டுவிட்டு மேலே போனேன் என்று அழுதுவிட்டேன். “அதான் இப்ப உக்காந்துருக்கியே” என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஆமாம், அதேதான். ஒன்பது மாதமாக அவர் மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. அவர் ஊதியதும் நான் பதறிப்போனேன். எதற்கு என்று கேட்டேன். நீ மூச்சிரைக்க வந்து, திட்டாமல் திரும்பிப் போன பிறகுதான் பதில் சொன்னார்.

“அன்னைக்கே ஊதியிருக்கலாம். ஊதி, அவன் வராமப் போயிட்டா? அந்தப் பயத்துலதான் ஊதல. வருவானா மாட்டானான்னு ஒம்போது மாசமா அதே நெனப்புத்தான் செல்வி. காலு வலியெல்லாம் மறுநாளே போயிருச்சு.”

நான் ஒன்பது மாதம் அவர் காலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன் பாண்டி. நீயும்தான்.

திங்கட்கிழமை காலை வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக்கு நடந்து போனார். நான் ஜன்னல் வழியாகத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எண்ணின் ப்ளாக்கை எடுத்துவிட்டேன். டவர் கிடைக்கிற இடத்துக்கு இறங்கினால் கூப்பிடு.

கடைசியாக ஒரு செய்தி. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்: “தைப்பூசத்துக்கு மாப்ளைய வரச் சொல்லு. மலையில பூட்ஸ் போட்டுக்கிட்டு எல்லாரையும் மேய்க்கிறான்ல. தார் ரோட்டுல, வெறுங்கால்ல, வெயில்ல எம்புட்டுத் தூரம் வாரான்னு பாப்போம். கொடி அவனுக்குத்தான்.”

அன்புடன்,
அக்கா


மேல்கூட்டாறு
21.10.2024

அனுப்புநர்: சோ. அழகுபாண்டி, மலையேற்ற வழிகாட்டி
பெறுநர்: திரு. கண்ணுச்சாமி, குருசாமி அவர்கள் (அக்கா மூலமாக)

பொருள்: பழனி பாதயாத்திரை – உடல்தகுதிப் படிவம் அனுப்புதல்

ஐயா,

தங்கள் அழைப்பு கிடைத்தது. வாரேன். படிவத்தைக் கீழே நிரப்பியிருக்கிறேன்.

கடைசியாக நீண்ட தூரம் வெறுங்காலில் நடந்தது எப்போது? – ஐந்தாம் வகுப்பில், செருப்பைத் தொலைத்துவிட்டு அக்காவுக்குப் பயந்து.
எத்தனை மைல் நிற்காமல் நடக்க முடியும்? – தெரியாது.
முட்டி எப்படி? – நன்றாக இருக்கிறது. முழங்கைதான் இன்னும் ஆறவில்லை.
எது வரை வர ஆசை? – பழனி வரை.
வரிசையில் எங்கே நடக்க விருப்பம்? – மச்சான் நிறுத்துகிற இடத்தில்.

விசிலை மறக்காமல் கொண்டுவரவும். இந்தத் தடவை அது என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாப்ள